கழுவக் கழுவ வளரும் பாசி

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் நாலறை வீட்டில் இருக்கிறோம். போன ஜூன் பள்ளி விடுமுறையில் மகனுக்காக இரண்டடி மீன்தொட்டி வாங்கி, வரவேற்பறை ஜன்னலோரம் வைத்தோம். பதினைந்து குப்பி, ஆறு நியான் டெட்ரா, மூன்று செடி, பாசி தின்னும் என்று கடையில் கொடுத்த ஒரு சக்கர் மீன். மூன்றாவது வாரமே கண்ணாடி பச்சையாகிவிட்டது. ஞாயிறுதோறும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கல்லைச் சுடுநீரில் அலசி, பில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, புதுத் தண்ணீர் நிரப்புகிறேன். நாலே நாளில் மறுபடி பச்சை. செடி இலைகளின் ஓரத்தில் கறுப்பாகக் குஞ்சம் வேறு முளைத்திருக்கிறது. போன மாதம் கடையில் கொடுத்த நீல மருந்தை ஊற்றினேன். மறுநாள் காலை ஏழு மீன் மிதந்தன. 'வீட்டுத் திருஷ்டியை மீன் வாங்கிக்கொண்டது' என்கிறார் மாமியார். சக்கர் மீன் ஒரு சாண் நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. அதை லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் விட்டுவிடலாமா? மகன் இப்போது தங்கமீன் கேட்கிறான். நான் என்ன தப்பு செய்கிறேன்? (ஈசூன் வாசகி)

பதில்: சகோதரி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் தொட்டியில் சுத்தக்குறைவு எதுவும் இல்லை. சுத்தம் கூடிப்போனதுதான் பிரச்சினை. என் முதல் தொட்டியிலும் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை காலையெல்லாம் குளியலறையில் குந்தி உட்கார்ந்து, அரிசி களைவதுபோல் கல் களைந்திருக்கிறேன். கல் பளபளக்கும், மீன் சாகும். ஏன் என்று புரிய எனக்கு ஓராண்டு பிடித்தது.

மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அது மீனுக்கு நஞ்சு. பில்டர் பஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்களில் ஒரு கூட்டம் அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சு. இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் மீனுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை, செடிக்கு உரமாகவும் ஆகிறது. புதுத் தொட்டியில் இந்த இரண்டு கூட்டமும் காலூன்ற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்களோ ஒவ்வொரு ஞாயிறும் சுடுநீரையும் குழாய்த் தண்ணீரையும் ஊற்றி அவர்களைக் குடும்பத்தோடு காலி செய்துவிடுகிறீர்கள். திங்கள்கிழமை தொட்டி மறுபடி முதல் நாள் தொட்டிதான். இந்தத் தள்ளாட்டத்தில் செடி சோர்ந்து போகும். பாசிக்கு ஒன்றும் ஆகாது. செடி எடுக்காமல் விட்ட சத்தையெல்லாம் அது எடுத்துக்கொள்ளும்.

குழாய்த் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊரில் நம் பெரியவர்கள் ஒரு வாளித் தண்ணீரை இரவெல்லாம் திறந்து வைத்துவிட்டு மறுநாள் தொட்டியில் ஊற்றுவார்கள். குளோரின் ஆவியாகிப் போய்விடும், அந்தக் கணக்கு சரி. இங்கே பொதுப் பயனீட்டுக் கழகம் தண்ணீரில் சேர்ப்பது குளோரமின். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த சேர்மம் அது, ஒரு இரவில் அசையாது. குடிக்கும் நமக்கு அதனால் ஒன்றுமில்லை. ஆனால் மீனின் செவுளுக்கும் பஞ்சிலுள்ள பாக்டீரியாவுக்கும் ஆகாது. அதனால் குளோரினை முறிக்கும் ஆண்டி குளோரின் மருந்து ஊற்றாமல் ஒரு சொட்டுத் தண்ணீரும் தொட்டிக்குள் போகக் கூடாது. அதிலும், குளோரினை மட்டும் உடைக்கும் மலிவான கற்கண்டு போன்ற படிகம் குளோரமினிலுள்ள குளோரினை உடைத்தபின் அம்மோனியாவை அப்படியே விட்டுவிடும். புட்டியின் மேல் குளோரமின், அம்மோனியா இரண்டையும் கட்டுப்படுத்தும் என்று போட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். அப்புறம், வாளித் தண்ணீரைப் பின்கட்டில் திறந்து வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். மீனுக்குப் பயனில்லாவிட்டாலும் ஏடிஸ் கொசுவுக்கு அது நல்ல வீடு. தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி கதவைத் தட்டும்போது மீனுக்காக வைத்த தண்ணீர் என்று சொன்னால் எடுபடாது.

இனி என்ன செய்வது? தொட்டியைக் காலி செய்யவே செய்யாதீர்கள். வாரத்துக்கு ஒரு முறை நாலில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுங்கள். உங்கள் இரண்டடித் தொட்டியில் ஏறக்குறைய அறுபது லிட்டர் பிடிக்கும். எடுக்க வேண்டியது இரண்டு வாளிக்குள் அடங்கிவிடும். குழாயின் முனையைக் கல்லுக்குள் மெல்லக் குத்தி எடுத்தால் அடியில் தேங்கிய கழிவும் கூடவே வரும். அப்படி எடுத்த பழைய தண்ணீரிலேயே பில்டர் பஞ்சை இரண்டு பிழி பிழிந்து திரும்ப வையுங்கள். அதுவும் மாதம் ஒரு முறை போதும். பஞ்சு பழுப்பாக இருந்தால் இருக்கட்டும், அது பாக்டீரியாவின் நிறம். எடுத்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல் தாழ்வாரத்துத் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றுங்கள், கறிவேப்பிலை அமோகமாக வரும்.

அடுத்தது ஜன்னல். சிங்கப்பூரில் ஆண்டு முழுதும் ஏழு மணிக்கு விடிந்து ஏழு மணிக்கு இருட்டுகிறது. பன்னிரண்டு மணி நேர வெளிச்சம், அதற்கு மேல் ராத்திரி பத்து வரை தொட்டி விளக்கு. பாசிக்கு இதைவிட என்ன வேண்டும்? தொட்டியை உட்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். அறுபது லிட்டரைத் தூக்க முடியாது என்பதால் முக்கால்வாசித் தண்ணீரை வாளிகளில் எடுத்து, மீனையும் அதிலேயே விட்டுவிட்டு நகர்த்தி, அதே தண்ணீரைத் திரும்ப ஊற்றிவிடுங்கள். இடமே இல்லை என்றால் ஜன்னல் பக்கக் கண்ணாடியில் வெளிப்புறமாகக் கறுப்பு அட்டை ஒட்டினால் போதும். விளக்குக்கு ஒரு டைமர் வாங்கி ஆறு மணி நேரம் வையுங்கள், மகன் பள்ளி விட்டு வந்து பார்க்கும் நேரமாக. கையால் போட்டு அணைக்கும் விளக்கை நான் நம்புவதே இல்லை. எல்லார் வீட்டிலும் அது மறந்துபோய் எரிந்துகொண்டேதான் இருக்கும்.

தீனியைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. ஆனால் வீட்டில் ஒரு பாட்டியும் ஒரு சிறுவனும் இருந்தால் மீனுக்கு ஒரு நாளில் எத்தனை முறை சாப்பாடு கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். மீனின் வயிறு அதன் கண்ணளவுதான் என்பார்கள் மீன் வளர்ப்பவர்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு ஒரு முறை. மிச்சமெல்லாம் பாசிக்கு உரம். 'மீன் பசியோடு பார்க்கிறது' என்பார் மாமியார். ஆள் நிழல் தெரிந்தால் குப்பி அப்படித்தான் ஓடிவரும், வயிறு நிறைந்திருந்தாலும். அவரோடு வாதாடாதீர்கள். மருந்து மாத்திரை போட்டு வைக்கும் ஏழு கட்டப் பெட்டி ஒன்று வாங்கி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நாள் தீனியைப் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விடுங்கள். சஷ்டி விரதம் இருக்கும் வீட்டில் மீனுக்கும் ஒரு நாள் விரதம் என்று சொன்னால் ஒத்துக்கொள்வார். எங்கள் வீட்டில் இப்படித்தான் ஒத்துக்கொண்டார்கள்.

இனி அந்த நீல மருந்து. திருஷ்டியை மீன் வாங்கிக்கொண்டது என்பதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அன்றைக்கு அதற்கு வேறு தொல்லையும் இருந்திருக்கும். பாசியை மருந்தால் ஒரே அடியாகக் கொன்றால் செத்த பாசி தண்ணீருக்குள்ளேயே அழுகும். அழுகும்போது ஆக்சிஜனைத் தின்று அம்மோனியாவைக் கக்கும். நம் வீட்டுத் தொட்டி சாதாரணமாகவே 28, 29 டிகிரியில் இருக்கிறது, சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். இரவில் செடியும் ஆக்சிஜனை வெளியிடாது, எடுத்துக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து நெருக்கும் நேரம் விடியற்காலை. நீங்கள் பார்த்ததும் காலையில்தானே? புட்டியில் காப்பர் சல்பேட் என்று எழுதியிருந்தால் இனி அதைத் தொட வேண்டாம். பின்னால் இறால் விட நினைத்தால் தாமிரம் அதைக் கொன்றுவிடும். எந்தப் பாசி மருந்தும் பாசி வந்த காரணத்தைத் தொடுவதில்லை. அதனால்தான் கடைக்காரர் அடுத்த புட்டியையும் விற்க முடிகிறது.

கறுப்புக் குஞ்சம் வேறு ரகம். நிறம் கறுப்பானாலும் அது சிவப்புப் பாசி இனத்தைச் சேர்ந்தது, சாராயத்தில் போட்டால் சிவந்துவிடும். தொட்டி நிலையில்லாமல் ஆடும்போது, மெதுவாக வளரும் செடியின் பழைய இலைகளில் ஒட்டிக்கொள்ளும். உரசினால் போகாது. அந்த இலைகளைத் தயங்காமல் கத்தரித்துவிடுங்கள். கல்லிலோ மரத்துண்டிலோ இருந்தால் அதை வெளியே எடுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தூரிகையால் தடவி, ஐந்து நிமிடம் விட்டு நன்றாக அலசி வையுங்கள். சில நாளில் வெளிறிப்போகும். கண்ணாடியில் புள்ளிப் புள்ளியாகக் கெட்டியாக ஒட்டியிருக்கும் பச்சையைப் பேருந்து, ரயிலுக்கான பழைய ஈஸிலிங்க் கட்டண அட்டையால் சுரண்டலாம். என் பழைய அட்டைகளெல்லாம் இப்போது அந்த வேலையில்தான் இருக்கின்றன. கழுவுவதை நிறுத்திய முதல் மாதத்தில் தவிட்டு நிறத்தில் ஒரு படலம் வரக்கூடும். பயப்படாதீர்கள், புதுத் தொட்டிக்கு வருவதுதான், துணியால் துடைத்தால் போகும், பிறகு தானாக நின்றுவிடும்.

செடியைக் கூட்டுங்கள். மூன்று செடி போதாது. வேகமாக வளரும் தண்டுச்செடி ஒரு கட்டு, மேலே மிதக்கும் செடி ஒரு பிடி. அதைவிட நல்லது, உங்கள் சமையலறையில் பாட்டிலில் ஒரு மணி பிளாண்ட் நிற்குமே? அதன் வேரை மட்டும் தொட்டிக்குள் தொங்கவிட்டு இலையை வெளியே விடுங்கள். நைட்ரேட்டை அது உறிஞ்சுகிற வேகத்துக்குப் பாசி ஈடுகொடுக்காது. காசு கொடுத்து வாங்கிய கருவிகள் எனக்கு இந்த அளவு உழைத்ததில்லை.

பாசி தின்னும் மீன் என்று கடையில் காட்டுவதையெல்லாம் வாங்காதீர்கள். சயாமியப் பாசிமீன் கறுப்புக் குஞ்சத்தைத் தின்னும், உண்மைதான். ஆனால் 15 சென்டிமீட்டர் வரை வளரும், துள்ளி வெளியே விழும், இரண்டடித் தொட்டிக்குப் பெரிது. உங்களுக்கு இரண்டு மூன்று நெரைட் நத்தை போதும். கண்ணாடியை வழித்து வைக்கும். வெள்ளை எள் ஒட்டியதுபோல் முட்டையிடும், அது ஒன்றுதான் குறை. நன்னீரில் அந்த முட்டை பொரிக்காது என்பதால் பெருகிவிடுமோ என்ற கவலை வேண்டாம். தொட்டி நிலைத்து இரண்டு மாதம் ஆனபின் பத்து மலாயன் இறால் விடுங்கள், இந்த ஊர் வெயிலுக்குப் பழகியது.

சக்கர் மீன் விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நீர்த்தேக்கத்தில் விடக் கூடாது. இங்கே அது சட்டப்படி குற்றம். புண்ணியம் கருதிச் சிலர் உயிர்களை நீர்நிலைகளில் விடும் விசாக தினத்தையொட்டி ஒவ்வோர் ஆண்டும் தேசியப் பூங்காக் கழகம் இதை வலியுறுத்திச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. சக்கர் தென் அமெரிக்க மீன். நம் நீர்நிலைகளில் யாரோ விட்டுப் பெருகியவை ஏற்கெனவே இருக்கின்றன, உள்ளூர் மீனின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்கின்றன. சின்னதாக இருக்கும்போது பாசி தின்னும். வளர்ந்தபின் ஓரடிக்கு மேல் போகும், பாசியை விட்டுத் தீனிக்குத் தாவும், தின்பதற்கு மேல் கழிக்கும். உங்கள் தொட்டியின் அம்மோனியாவில் பாதி அதன் கைங்கரியமாகவே இருக்கும். வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள், சிலர் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாராவது கிடைக்கும் வரை வைத்திருங்கள். மகன் பள்ளியில் மீன்குளம் இருந்தாலும் கேட்காமல் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள்.

தங்கமீன் இந்தத் தொட்டியில் வேண்டாம். அது குளிர்ந்த தண்ணீரை விரும்பும், நிறையக் கழிக்கும், ஒரு சாண் நீளம் வரை வளரும், செடியைப் பிடுங்கித் தின்னும். குப்பிகள் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும், எண்ணும் வேலையை மகனிடம் கொடுங்கள். கண்ணாடி சுரண்டும் வேலையையும் அவனிடமே கொடுத்துவிடலாம், முன்பக்கமும் பக்கவாட்டும் மட்டும். பின்கண்ணாடியில் வரும் பச்சையை விட்டுவிடச் சொல்லுங்கள். இறால் வந்தால் அதற்குச் சாப்பாடு வேண்டும்.