மைக்கைப் பிரிக்காமலே உள்ளே பார்க்கலாம்: சரவுண்ட் மைக் கேள்வி-பதில்

செகண்ட் ஹேண்டில் ஒரு சரவுண்ட் ரெக்கார்டர் (சுற்றிலும் வரும் ஒலியைப் பதியும் கருவி) வாங்கினேன். நான்கு டிராக் பதிகிறது. உள்ளே கேப்சூல்கள், அதாவது ஒலியை வாங்கும் சின்ன மைக் வில்லைகள், எந்தப் பக்கம் பார்த்து இருக்கின்றன என்று தெரிய மைக்கின் மேல் வலையைப் பிரிக்கலாமா?
சோழவந்தான் வாசகர்

பிரிக்காதீர்கள். ஒரு கேப்சூல் லேசாகச் சாய்ந்தாலும் பழைய இடத்தில் திரும்ப உட்காராது. அளந்தே கண்டுபிடிக்கலாம். அதற்கு எதிரொலி இல்லாத இடம் வேண்டும். அறுப்பு முடிந்த வயலுக்கு உங்கள் ஊரில் பஞ்சமில்லை. காற்று எழாத விடியற்காலையில் போங்கள். ரெக்கார்டரை ஆளுயர ஸ்டாண்டில் மாட்டி, ஒன்றரை மீட்டர் தள்ளி அதே உயரத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்து, ‘ஷ்ஷ்’ என்ற சீரான இரைச்சலை ஓடவிடுங்கள். ரெக்கார்டரை 15 டிகிரி வீதம் திருப்பி, 24 நிலைகளிலும் பதியுங்கள்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சத்தம் அதிகமாக விழும் திசையைத் தேடினால் பிடிபடாது. கார்டியாய்டு (முன்பக்கம் நன்றாகவும் பின்பக்கம் மிகக் குறைவாகவும் கேட்கும்) கேப்சூலை 30 டிகிரி திருப்பினாலும் முக்கால் டெசிபல்கூடக் குறையாது. ஆனால் முதுகுப்புறம் சத்தம் சட்டென்று குறைந்துவிடும். அந்தப் பள்ளத்தைப் பிடியுங்கள். அதற்கு நேர் எதிர்தான் கேப்சூலின் முகம். பக்கவாட்டில் 6 டெசிபல் குறைந்தால் கார்டியாய்டு. பக்கவாட்டில் அடங்கி, பின்னால் மறுபடி முழுசாக எழுந்தால் எட்டு வடிவம், அதாவது முன்னும் பின்னும் ஒரே அளவு கேட்கும் வகை.

கேப்சூல்களின் இடைவெளியை அறிய, இரண்டும் ஒரே கோட்டில் வரும்படி பக்கவாட்டில் நின்று ஒரு கைத்தட்டு. 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் (நொடிக்கு 48,000 முறை ஒலியை அளப்பது) ஒரு சாம்பிள், அதாவது ஒரு அளவு, என்பது ஒலி சுமார் 7 மில்லிமீட்டர் கடக்கும் நேரம். இரண்டு டிராக்குக்கும் மூன்று சாம்பிள் வித்தியாசம் என்றால் கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர். நான்கு டிராக் இருப்பதாலேயே நான்கு கேப்சூல் என்று மட்டும் முடிவுகட்ட வேண்டாம். மூன்றைக் கூட்டிக் கழித்து நான்காவதை உண்டாக்கிவிட முடியும்.

சரவுண்ட் மைக்கை நானே செய்யப் போகிறேன். நான்கு கேப்சூலையும் நான்கு திசைக்கு வைத்தால் போதாதா? நான்முகி வடிவம் எதற்கு?
தெற்குமாசி வீதி வாசகர்

நாயக்கர் மகாலில் கை தட்டிப் பாருங்கள். ஒலி மேல் வளைவுகளில் இருந்தும் இறங்கி வருகிறது. கேப்சூல்களைத் தட்டையாக வைத்தால் அந்த உயரம் பதியாது. 1970-களில் மைக்கேல் கெர்சனும் பீட்டர் கிராவனும் இதற்கு வழி கண்டார்கள். ஒரு கனசதுரத்தில் ஒன்றுவிட்டு ஒரு மூலையாக நான்கு கேப்சூல். அந்த மூலைகளை இணைத்தால் வருவதுதான் நான்முகி. நான்கையும் கூட்டினால் எல்லாத் திசையும் சேர்ந்த ஒலி; இரண்டிரண்டாகக் கூட்டிக் கழித்தால் முன்-பின், இடம்-வலம், மேல்-கீழ். மூன்று அச்சும் கைக்கு வந்துவிடும்.

கேப்சூல்களை முடிந்தவரை நெருக்குங்கள். 10 கிலோஹெர்ட்ஸில் அலைநீளமே மூன்றரை சென்டிமீட்டர்தான். இடைவெளி அதை நெருங்கினால் மேல் ஸ்தாயியில் திசை குழம்பும். இருபது வாங்கி, ஒத்துப்போகும் நான்கைப் பொறுக்குங்கள். பின்பக்கத் துளைகளில் பசை படவே கூடாது. கார்டியாய்டுக்குத் திசையைக் கொடுப்பதே அந்தத் துளைகள்தான். பசையால் நல்ல கேப்சூல்களை நான் இழந்திருக்கிறேன். சால்டர் வைக்கும்போது சூட்டை இழுக்க ஒரு உலோகக் கிளிப் மாட்டுங்கள்.

நையாண்டி மேளம் பதிந்தால் கெயினை (பதிவு அளவை) குறைத்தும் ஒலி உடைகிறதே?
அலங்காநல்லூர் வாசகர்

உடைவது கேப்சூலுக்குள்ளேயே. கெயின் அதற்குப் பிறகுதான் வருகிறது. பத்தடியில் இருந்து இருபதடிக்கு நகருங்கள். திறந்தவெளியில் 6 டெசிபல் இறங்கும்.

வீட்டில் இரண்டு ஸ்பீக்கர்தான். இத்தனை பாடு தேவையா?
தல்லாகுளம் வாசகர்

தேவைதான். நான்கு டிராக்கையும் அப்படியே பத்திரப்படுத்துங்கள். ஹெட்போனுக்கு ஏற்ப மாற்றிக் கேட்டால், அழகர் ஆற்றில் இறங்கும்போது எழும் ‘கோவிந்தா’ உங்கள் முதுகுப்பக்கம் இருந்தும் வரும்.