விழியசைவை வைத்து ஒருவரை அடையாளம் காண முடியுமா?

தலையில் அணியும் மெய்நிகர்க் காட்சிக் கருவி (VR) பதிவுசெய்யும் விழியசைவே நம்மைக் காட்டிக்கொடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு காட்டிக்கொடுக்கும்; 2004-லேயே போலந்து ஆய்வாளர்களான காஸ்ப்ரோவ்ஸ்கியும் ஓபரும் இதை ஆராய்ந்து எழுதினர். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தை இருவர் அண்ணாந்து பார்க்கையில், இருவர் விழிகளும் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை சிற்பத்துக்குச் சிற்பம் தாவினாலும், தாவலின் வேகமும், நிலைகொள்ளும் நேரமும், இலக்கைத் தவறவிட்டுத் திருத்திக்கொள்ளும் விதமும் ஆளுக்கு ஆள் மாறுபடும். கைரேகை அளவுக்கு இது துல்லியமன்று. களைப்புகூட இதை மாற்றிவிடும். எனக்குப் பெருங்கவலை தருவது வேறு: கைரேகை வைக்கும்போது வைக்கிறோம் என்றாவது அறிவோம், விழியோ, நாம் அறியாமலே, எதில் ஆசைப்பட்டு நின்றது என்பதையும் சில நரம்பு நோய்களின் அறிகுறிகளையும் சேர்த்தே வெளிப்படுத்திவிடக்கூடும். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய தரவுக்கெனத் தனிப் பிரிவு வகுக்கவில்லை. ஆகவே, அந்தப் பதிவு கருவியை விட்டு வெளியே செல்கிறதா என்று கேட்டறிந்த பிறகே ஒப்புதல் கொடுங்கள்.