மெய்நிகர் மேசைக்கு ஐம்பது டொலர் கட்டலாமா?

கல்லடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நாங்கள் ஐந்து பேர். ஏ.எல். எழுதிவிட்டு இருந்த நாட்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாடினோம். இப்போது ஒருவன் டோஹாவில், ஒருவன் கொழும்பில், ஒருவன் அக்கரைப்பற்றில், இன்னொருவன் வந்தாறுமூலைக் கம்பஸ் விடுதியில். விட்ட இடத்திலிருந்து ஒன்லைனில் தொடர ஆசை. நான்தான் கேம் மாஸ்டர். ஃபவுண்ட்ரிக்கு ஒரே தரமாக 50 டொலர் கட்டுவதா, ரோல்20க்கு மாதாமாதம் கட்டுவதா? ஐந்து பேரும் வாங்க வேண்டுமா? வட்ஸ்அப் குழுவொன்றில் ஒருவர் 'லைஃப்டைம் ஃபவுண்ட்ரி' 4,500 ரூபாவுக்குத் தருகிறாராம். அதை எடுக்கலாமா?"

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்பது ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதில் பாத்திரங்களாகிப் பகடை உருட்டி விளையாடும் ஆட்டம்; நடத்துபவர்தான் கேம் மாஸ்டர். ஃபவுண்ட்ரியும் ரோல்20யும் அந்த ஆட்டத்தைத் தூர இருப்பவர்கள் ஒன்றாக விளையாடக் கணினித் திரையில் விரிக்கும் மெய்நிகர் மேசைகள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எடுக்க வேண்டாம். 500 ரூபாவுக்குத் தந்தாலும் வேண்டாம்.

ஃபவுண்ட்ரியின் ஓர் உரிமத்தில் ஒரு நேரத்தில் ஓர் ஆட்டத்தைத்தான் மற்றவர்களுக்குத் திறக்கலாம். அந்த மனிதர் ஒரே உரிமத்தை எத்தனை பேருக்கு விற்றிருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. கணக்கு அவருடைய மின்னஞ்சலில் இருக்கும், கடவுச்சொல்லையும் அவர் நினைத்த நேரம் மாற்றுவார். நிறுவனம் கண்டுபிடித்து உரிமத்தை மூடினால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? இதைவிட மோசமானது, பூட்டுடைத்த பிரதியைத் தலையில் கட்டுவது. ஃபவுண்ட்ரி சாதாரண கேம் மாதிரி அல்ல. அது உங்கள் கணினியை ஒரு சேர்வராக மாற்றி, வெளியாட்கள் உள்ளே வர ஒரு கதவைத் திறந்துவைக்கும் மென்பொருள். யாரோ கைவைத்த பிரதியை நிறுவி அந்தக் கதவையும் திறந்துவிடுவது, வீட்டுத் திறப்பை ரோட்டில் போவோரிடம் கொடுப்பதற்குச் சமம். இப்படி 'லைஃப்டைம்' வாங்கி இரண்டு மாதத்தில் வெறுங்கையோடு என்னிடம் வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். போன காசைவிட, ஆசையாக எழுதிச் சேர்த்த ஆட்டம் போனதுதான் அவர்களுக்கு வலித்தது.

இனி யார் வாங்குவது என்பதற்கு வருவோம். ஐந்து பேரும் வாங்கத் தேவையில்லை. ஃபவுண்ட்ரியில் ஆட்டத்தை நடத்துபவர் மட்டும் வாங்கினால் போதும். மற்ற நால்வரும் பிரவுசரில் ஒரு இணைப்பை அழுத்தி உள்ளே வருவார்கள். ரோல்20யிலும் ஆட்டத்தை உருவாக்கியவர் சந்தா கட்டினால் அந்த ஆட்டத்தில் இருக்கும் எல்லாருக்கும் வசதி கிடைக்கும். ஆளுக்கொன்று வாங்க வேண்டியது ஸ்டீம் என்ற ஒன்லைன் கேம் கடையில் விற்கும் டேபிள்டொப் சிமுலேட்டர் போன்றவற்றுக்குத்தான். உங்கள் குழுவுக்கு அது தேவையில்லை, விட்டுவிடுங்கள்.

ஆனால் தம்பி, எதை வாங்குவது என்பதற்கு முன் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு இப்போது எதையாவது வாங்க வேண்டியிருக்கிறதா? விறாந்தையில் விளையாடியபோது உங்களிடம் என்ன இருந்தது? ஒரு கொப்பி, பென்சில், பகடை, வாய். அதே ஆட்டம் டிஸ்கோர்ட்டில் குரல் அழைப்போடு இலவசமாக நடக்கும். சண்டைக் காட்சிக்கு வரைபடம் வேண்டுமென்றால் அவுல்பெயர் ரோடியோ என்ற இலவசத் தளம் இருக்கிறது. படத்தை ஏற்றி, பாத்திரங்களைக் குறிக்கும் டோக்கன்களை வைத்து, இணைப்பை அனுப்பினால் வேலை முடிந்தது. ரோல்20யின் இலவசக் கணக்கிலும் வரைபடம், பகடை, பாத்திரத் தாள் எல்லாம் உண்டு. சந்தா கட்டினால் மேலதிகமாக வருவது முக்கியமாக இரண்டு: படம் சேமிக்கக் கூடுதல் இடம், மற்றது ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் காட்டும் ஒளி வசதி. அந்த ஒளி வசதி அழகானதுதான், மறுக்கவில்லை. என்றாலும் அது இல்லாமல் இந்த ஆட்டம் 1974இலிருந்து நடந்துகொண்டிருக்கிறது.

விதிப் புத்தகத்துக்கும் இப்போதைக்குக் காசு தேவையில்லை. டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை 2023 ஜனவரியில், யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். ஃபவுண்ட்ரியில் அது இலவசமாகவே சேர்ந்து வரும். பாத்ஃபைண்டர் என்ற இதே வகை ஆட்டத்தின் இரண்டாம் பதிப்புக்கு மாறினால் இன்னும் வசதி, ஏறக்குறைய எல்லா விதிகளும் இலவசம். ஒரு தளத்தில் வாங்கிய மின்புத்தகம் பெரும்பாலும் அடுத்த தளத்துக்கு உங்களோடு வராது என்பதை மறந்துவிடாதீர்கள். எங்கே நிலையாக விளையாடப் போகிறீர்கள் என்று தெரியாமல் ஒரு புத்தகமும் வாங்க வேண்டாம். அந்தக் கடைப் பக்கங்கள் எல்லாம் நள்ளிரவில் ஆசையோடு அழுத்த வைப்பதற்காகவே கட்டப்பட்டவை.

மூன்று மாதம் இலவசமாக விளையாடிப் பாருங்கள். டோஹாக்காரருக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு, கொழும்புக்காரருக்குச் சனி, ஞாயிறு, விடுதியில் பரீட்சைக் காலம். மூன்று மாதத்தில் எட்டுத் தரம் ஒன்றாக இருந்திருந்தால் உங்கள் குழு நிலைக்கும். அப்போது காசைப் பற்றி யோசிக்கலாம்.

அந்தக் கணக்கை இப்போதே போட்டுக் காட்டுகிறேன். டொலரை 300 ரூபா என்று வையுங்கள், உண்மையில் அதற்கு மேல்தான். ஃபவுண்ட்ரி 50 டொலர், அதாவது 15,000 ரூபா. ரோல்20யின் கீழ்மட்டச் சந்தா மாதம் ஐந்தாறு டொலர். ஐந்து என்றே வைத்தாலும் வருடத்துக்கு 60 டொலர், 18,000 ரூபா. பத்து மாதத்திலேயே ஃபவுண்ட்ரியின் விலையைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு ஃபவுண்ட்ரிக்கு ஒன்றும் இல்லை, பின்னால் வரும் பதிப்புகளும் அதே விலைக்குள் அடக்கம். சந்தா ஓடிக்கொண்டே இருக்கும். நம் நாட்டில் மாதச் சந்தாவுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. விலை டொலரில் ஒரு சதம்கூட ஏறவில்லை, நாம்தான் ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்டினோம். ரூபாவில் சம்பளம் எடுப்பவர், முடிந்தவரை, டொலரில் மாதக் கடன் வைத்துக்கொள்ளக் கூடாது.

அப்படியானால் ஃபவுண்ட்ரிதானே என்பீர்கள். அவசரப்படாதீர்கள். 50 டொலருக்குப் பின்னால் ஒரு வால் இருக்கிறது, விலையை மட்டும் பார்த்தால் அது தெரியாது.

ஃபவுண்ட்ரி உங்கள் வீட்டுக் கணினியில் ஓடும், நண்பர்கள் வெளியிலிருந்து அதற்குள் வர வேண்டும். அதற்கு உங்கள் ரவுட்டருக்கு வெளியுலகம் அறிந்த ஒரு சொந்த முகவரி இருக்க வேண்டும். 4ஜி ரவுட்டர்களுக்குப் பெரும்பாலும் அது கிடைக்காது. நூறு வீடுகளுக்குப் பொதுவாக ஒரே தபால் பெட்டி வைத்ததுபோல, பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைத்து வைக்கிறார்கள். உங்கள் நிலை என்ன என்று பார்ப்பது சுலபம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இணைய முகவரி என்று ஒரு எண் இருக்கும். அது 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையான எண்ணிலோ தொடங்கினால் நீங்கள் அந்தப் பொதுப் பெட்டிக்குள் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து யாரும் நேராக வர முடியாது.

இந்த ஒரு சின்ன விஷயத்துக்காக நான் என் இணைப்பு நிறுவனத்துக்கு மூன்று நாள் போன் பண்ணினேன். முதல் நாள் பேசியவர் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார். இரண்டாம் நாள் பேசியவரும் அதையே சொன்னார். மூன்றாம் நாள், வியாபாரப் பெக்கேஜுக்கு மாறுங்கள், மாதக் கட்டணம் கூட வரும் என்றார்கள். வாடிக்கையாளருக்கு என்ன விற்கிறோம் என்பதை விற்பவரே அறியாத நிலை எத்தனை வருடத்துக்கு நீடிக்கும்? விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி எழுதிவைக்க என்ன கஷ்டம்?

இந்தச் சிக்கலிலிருந்து வெளியேற இரண்டு வழி. ஒன்று, டெயில்ஸ்கேல் போன்ற மென்பொருளை எல்லாரும் நிறுவி உங்களுக்குள் ஒரு தனிப் பாதை போட்டுக்கொள்வது. காசு இல்லை, ஒருநாள் மினக்கெட வேண்டும். மற்றது, ஃபவுண்ட்ரியை மாத வாடகைக்கு ஓட்டித் தரும் சேவையிடம் கொடுப்பது. அங்கேதான் வால். வாடகைக்குப் போன அன்றே உங்கள் 'ஒரே தரம்' மாதச் சந்தாவாகிவிடும். முகவரியைப் பார்த்து, இலவசப் பாதை சரிவருமா என்று தெரிந்துகொண்ட பிறகே 50 டொலரைக் கட்டுங்கள்.

பதிவேற்ற வேகத்தையும் பாருங்கள். 10 எம்.பி. வரைபடம் ஒன்றை நான்கு பேர் திறந்தால் உங்கள் வீட்டிலிருந்து 40 எம்.பி. வெளியே போக வேண்டும். ஒரு எம்.பி. என்பது எட்டு மெகாபிட், ஆகவே விநாடிக்கு 2 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் அதற்கு 160 விநாடி, ஏறக்குறைய மூன்று நிமிடம், எல்லாரும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். படத்தை வெப்பி (WebP) என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றிச் சிறிதாக்கினால் அந்தக் காத்திருப்பு பெருமளவு போய்விடும். வேகமான பெக்கேஜ் வாங்கச் சொல்பவர்களின் பேச்சை அதற்குப் பிறகு கேளுங்கள்.

விடுதித் தம்பியிடம் லெப்டொப் இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. போன் மட்டுமென்றால் ஃபவுண்ட்ரி அவருக்குச் சரிவராது, அது பெரிய திரைக்காகச் செய்தது. ஒருவரை வெளியே விட்டுவிட்டு மற்ற நால்வருக்காக 15,000 ரூபா செலவழிப்பது நியாயமில்லை. அப்படியானால் அவுல்பெயர் ரோடியோவிலேயே இருங்கள்.

காசு கட்டும் வழியிலும் தரகர்கள் காத்திருக்கிறார்கள். 'உங்களிடம் அட்டை இல்லையா, நாங்கள் கட்டித் தருகிறோம்' என்று டொலருக்கு வங்கியைவிட ஐம்பது, அறுபது ரூபா கூட்டி வாங்குபவர்கள் கல்முனையிலும் இருக்கிறார்கள், மட்டக்களப்பு டவுனிலும் இருக்கிறார்கள். அவர்கள் எந்த மின்னஞ்சலில் வாங்குகிறார்கள் என்பதே பிரச்சினை. உங்களிடம் டெபிட் அட்டை இருந்தால் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவைத் திறந்து தரும்படி வங்கியிடம் கேளுங்கள். வங்கி தன் மாற்று விகிதத்தில் எடுத்து, மேலே கட்டணமும் சேர்க்கும். 15,000 என்று நான் போட்ட கணக்கு உங்கள் கையில் அதைவிடக் கூடத்தான் வரும். என் அட்டையில் அதைத் திறக்க நான் கிளைக்கு இரண்டு தரம் போய், ஒரே படிவத்தை இரண்டு தரம் நிரப்பினேன். போனில் ஒரு பட்டனால் முடிய வேண்டிய வேலை.

தரகர் வேண்டாம் என்பதற்கு ஒரேயொரு விதிவிலக்கு, உங்கள் டோஹா நண்பர். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் அல்லது நண்பர் தன் அட்டையால் கட்டுவதில் தவறில்லை, ஆனால் ஒழுங்கு முறை வேண்டும். கணக்கை நீங்களே உங்கள் மின்னஞ்சலில் திறக்க வேண்டும். அதன் கடவுச்சொல்லை அவருக்கு எழுதி அனுப்பக் கூடாது. வீடியோ கோலில் உங்கள் திரையைக் காட்டி, வாங்கும் பக்கம் வரை போங்கள். அவர் அட்டை எண்ணைத் தன் பக்கத்திலிருந்து போட வேண்டும், உங்களுக்குச் சொல்லவும் வேண்டாம். அதற்காக அந்த ஒரு தடவை அவர் உங்கள் கணக்குக்குள் நுழைய நேர்ந்தால், கடவுச்சொல்லைக் கோலில் வாயால் சொல்லி, முடிந்த கையோடு அதை மாற்றுங்கள். அட்டையைக் கணக்கில் சேமித்து வைக்கும் கட்டத்தை அழுத்தாமல் விடச் சொல்லுங்கள். காசை ரூபாவில் அவருடைய அம்மாவின் கையில் அன்றே கொடுத்துவிடுங்கள். இது ஒரே தரக் கொடுப்பனவுக்கு மட்டும். மாதச் சந்தாவை இன்னொருவரின் அட்டையில் போடவே கூடாது. மூன்றாம் மாதம் ஆட்டம் நின்றுவிடும், சந்தா நிற்காது. ஆறாம் மாதம் அவர் மனைவி வங்கி அறிக்கையைப் பார்ப்பார். நல்ல நட்புகள் அப்படி முறிந்ததை அறிவேன்.

வாங்கிய பின் ஒரு பழக்கம். ஃபவுண்ட்ரி புதிய பதிப்புக்கு மாறச் சொல்லும்போது, ஆட்டம் இருக்கிற நாளில் அந்தப் பட்டனைத் தொடாதீர்கள். கூடுதல் வசதிகளுக்காக நீங்கள் சேர்த்த மொடியூல்கள் புதிய பதிப்பில் ஓடாமல் போகலாம். தரவுக் கோப்புறையை வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, அடுத்த ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாறுங்கள். மார்கழி மழைக்கு லைன் போய்க் கரண்டும் போகிற நம் ஊரில் அந்த நகலை மாதம் ஒரு தரமாவது எடுங்கள். காசு கட்டி உறுதி மின்னஞ்சல் வந்ததும், அட்டையின் வெளிநாட்டுக் கொடுப்பனவை வங்கியிடம் சொல்லித் திரும்ப மூடிவிடுங்கள்.