ஆடியில முடியலைன்னா மாசியைப் பாருங்க

கேள்வி: வணக்கம்ங்க அக்கா. வீட்டுக்குப் பின்னாடி ஷெட்டு போட்டு எட்டு மிஷின்ல குயில்ட் (நடுவுல பஞ்சு வெச்சுத் தைக்கற போர்வை) ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குத் தையல் பண்றோம்ங்க, நானும் எங்க வீட்டுக்காரரும். ஆனி ஆடி வந்துட்டா ஆர்டர் குடுக்கற எக்ஸ்போர்ட் பார்ட்டிங்க மூணு பேரு ஒரே நேரத்துல பீஸைக் கொண்டாந்து எறக்கிடறாங்க, வேண்டாம்னா அடுத்த தடவை வரமாட்டாங்களோன்னு எல்லாத்தையும் வாங்கிப் போட்டுக்கறோம், ராத்திரி பன்னெண்டு ஒண்ணு வரைக்கும் ஓடுது. தீவாளி நோம்பிக்கு ஒறம்பரை வந்தாக்கூட சிரிச்சுப் பேச முடியலைங்க, மிஷின் சத்தம் கேட்டாலே எரிச்சலா வருது. மாசி பங்குனியில பார்த்தா பாதி மிஷின் சும்மா கெடக்கும். விட்றலாமான்னு இருக்குங்க.
*பெயர் வேண்டாம், கரூர்*

பதில்: விடறது இருக்கட்டும் அம்மிணி, உங்க கடுதாசியிலயே பதில் இருக்குது பாருங்க. மாசியில மிஷின் சும்மா கெடக்குமேங்கற பயத்துலதான் ஆடியில வர்றதையெல்லாம் வாங்கிப் போடறீங்க. அந்தப் பயத்துக்கு வழி பண்ணாம ஆடியில மட்டும் "முடியாது"ன்னு சொல்லிப் பழகுங்கன்னா, ரெண்டு நாள் சொல்லுவீங்க, மூணாவது நாள் பார்ட்டி வண்டியோட வாசல்ல நின்னா வாங்கி வெச்சுக்குவீங்க.

மொதல்ல இந்த நெருக்கடி எங்கிருந்து வருதுன்னு பாருங்க. அமெரிக்காக்காரன் கிறிஸ்துமஸுக்கு விக்கற சரக்கு அதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே அங்க போய்ச் சேர்ந்தாகணும், தூத்துக்குடியில கப்பல் ஏறுனா போய்ச் சேரவே ஒரு மாசத்துக்கு மேல ஆகும். பிரிண்ட் அப்ரூவல் லேட்டு, சாயம் போடறதுல லேட்டுன்னு நடுவுல எத்தனை நாள் போனாலும் ஷிப்மென்ட் தேதி மட்டும் நகராது, தப்புனா பிளேன்ல அனுப்பணும், அந்தச் செலவுக்குப் பயந்துக்கிட்டு போன நாளையெல்லாம் கடைசியில இருக்கற தையல்காரங்க தலையில கட்டிருவாங்க. நீங்க தூங்காம இருக்கறது யாரோ தொலைச்ச நாளுக்குங்க. அதனால ஆர்டர் பேசறப்பவே சொல்லிருங்க: மேல்துணி, வாடிங் (நடுவுல வெக்கற பஞ்சு), அடித்துணி, பைபிங் (ஓரத்துல வெச்சுத் தைக்கற பட்டி) எல்லாம் வந்து சேர்ந்த நாள்ல இருந்துதான் நாள் கணக்கு. சரக்கோட வர்ற டெலிவரி சலான் சீட்டுல அந்தத் தேதியை எழுதி அவங்க ஆளு கையெழுத்தை வாங்கிருங்க. பைபிங் மட்டும் நாளைக்கு வருதுன்னு சொன்னா நாள் கணக்கும் நாளைக்குத்தான் ஆரம்பிக்கோணும்.

அடுத்தது, பீஸ் கணக்குல ஒத்துக்காதீங்க, இதுலதான் நெறையப் பேரு மாட்டிக்கறாங்க. 60க்கு 90 இஞ்ச் குயில்ட்ல 3 இஞ்ச் இடைவெளியில நீளவாக்குல கோடு ஓட்டுனா ஏறக்குறைய 20 கோடு, ஒண்ணொண்ணும் 90 இஞ்ச், ஆக 1,800 இஞ்ச் தையல். அதே பீஸுக்கு 2 இஞ்ச் இடைவெளின்னா 2,700 ஆயிரும், 3 இஞ்ச்லயே குறுக்கயும் ஓட்டிக் கட்டம் போடச் சொன்னா 3,600. பார்ட்டிக்கு மூணுமே "ஒரு பீஸ்"தான், நம்ம டைலருக்கு மூணும் வேற வேற வேலை. இதுல ஊசி ஓடற நேரம் கம்மி, துணியைத் திருப்பறதும் பாபின் (அடிநூல் சுத்துன உருளை) மாத்தறதும்தான் எச்சா. ஒரு டைலர் ஒரு ஷிப்ட்டுக்கு எத்தனை இஞ்ச் ஓட்டுறாங்கன்னு ஒரு வாரம் நோட்டுல குறிச்சு வெச்சீங்கன்னா உங்க ஷெட்டால எவ்வளவு முடியும்னு தெரிஞ்சு போகும், அதுல முக்கால்வாசிக்குத்தான் ஆர்டர் வாங்கணும். மீதி கால்வாசி ஆள் லீவுக்கும், கரண்ட்டு போறதுக்கும், பிரிச்சுத் தைக்கறதுக்கும் தன்னால சரியாப் போயிரும். அதுக்கு மேல வர்றவங்ககிட்ட முடியாதுன்னு சொல்ல வேண்டாம், "ஆவணி பத்துக்கு மேல தர்றேனுங்க"ன்னு தேதியைச் சொல்லுங்க, இருக்கறதும் போறதும் அவங்க இஷ்டம்.

தோள் வலி பத்தி நீங்க எழுதலை, ஆனா இருக்கும்னு எனக்குத் தெரியும். பெரிய குயில்ட் மேசையை விட்டுத் தொங்குறப்ப அத்தனை வெயிட்டையும் டைலரோட தோளும் கழுத்தும்தான் இழுக்குது. மிஷினுக்கு இடது பக்கமும் பின்னாடியும் அதே உயரத்துல ஒரு பலகை போட்டுருங்க, துணி அதுமேல கெடக்கட்டும். தைலத்துக்குக் குடுக்கற காசு மிச்சமாகும்.

இப்ப மாசிக்கு வாரேன். ஊட்டியில கூட்டம் அம்முறது சித்திரை வைகாசியில, அங்க கடைக்காரங்க அதுக்கு முன்னாடியே சரக்கு எடுத்து வெச்சுக்குவாங்க. வைகாசிக் கல்யாணத்துச் சீருக்குக் கட்டில் மெத்தையோட குயில்ட்டும் வெக்கறது இப்ப சகஜமாப் போச்சு. மாசி பங்குனியில நாலு மிஷினை அதுக்கு ஓட்டுங்க, ரெண்டே சைஸு, மூணு நாலு டிசைன் போதும், ஈரோடு கனி மார்க்கெட்ல மொத்த வியாபாரிங்ககிட்ட சாம்பிளைக் காட்டுங்க. லாபம் கம்மிதான், ஆனா கூலியும் வாடகையும் வந்துட்டா ஆடியில பார்ட்டி முன்னாடி நீங்க பேசற தோரணையே மாறிரும். எக்ஸ்போர்ட்டை மட்டும் நம்புனா என்னாகும்னு 2025 ஆகஸ்ட் கடைசியில அமெரிக்கா நம்ம நாட்டுச் சரக்கு மேல வரியை 50 சதவீதமாக்குனப்பவே நம்ம ஊர்ல எல்லாரும் பாத்துட்டோமுங்களே.

பழைய பாக்கியையும் அந்த மாசத்துலயே வசூல் பண்ணுங்க. சிறுதொழிலுக்கு மத்திய அரசாங்கத்துல பண்ற உத்யம் பதிவு இலவசந்தான், பண்ணிருங்க. சிறு, குறு யூனிட்டுக்கு 45 நாளைக்குள்ள பணம் தரணும்னு சட்டம் இருக்கு, எழுத்துல ஒப்பந்தமே இல்லைன்னா 15 நாள்தான். இந்தக் கெடுவைத் தாண்டுனா, பணம் குடுத்த வருஷத்துலதான் பார்ட்டி அதைச் செலவாக் காட்ட முடியும்னு 2024 ஏப்ரல்ல இருந்து வருமான வரியில வந்துருச்சு, அதனால மார்ச் நெருங்குறப்ப அவங்க ஆடிட்டரே நம்ம பில்லைத் தேடுவாரு.

அந்த எரிச்சலை மட்டும் லேசா விட்றாதீங்க. உடம்பு ஓய்ஞ்சு போறது, வேலை மேலயே வெறுப்பு வர்றது, செய்யறது எதுவும் சரியில்லைன்னு தோணுறது, இந்த மூணும் சேர்ந்ததைத்தான் உலக சுகாதார நிறுவனம் பர்ன் அவுட்னு சொல்லுது, நோயின்னு சொல்லலை, வேலையில இருந்து வர்ற நெலைமைன்னு சொல்லுது. வேலை கொறைஞ்ச பொறவும் தூக்கம் வரலை, அழுகை அழுகையா வருதுன்னா 14416க்குப் போன் போடுங்க, அரசாங்கத்தோட மனநல உதவி லைன் டெலி மானஸ், காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம்.

கேள்வி: திருப்பூர்ல டைலரா இருக்கேனுங்க. சீசன்ல தெனமும் ஒன்றரை ஷிப்ட், வாரமெல்லாம். மறுத்தா வேலை போயிருமோன்னு பயமா இருக்கு. எச்சா நேரத்துக்குச் சாதாக் கூலிதான் போடறாங்க, இது சரிங்களா?
*ஒரு வாசகர், திருப்பூர்*

பதில்: சரியில்லீங்க தம்பி. ஃபேக்டரின்னு பதிவான எடத்துல வாரத்துக்கு 48 மணி நேரந்தான், அதுக்கு மேல செஞ்சா ரெட்டைக் கூலி தரணும். மொதல்ல நீங்க செஞ்ச மணி நேரத்தைத் தேதி போட்டுக் குறிச்சு வெச்சுக்குங்க, தனியாப் போய்க் கேக்காம லைன்ல இருக்கற நாலு பேரு சேர்ந்து சூப்பர்வைசர்கிட்டப் பேசுங்க. சீசன்ல நல்ல டைலரை வெளிய அனுப்பறதுக்கு எந்த ஓனருக்கும் மனசு வராதுங்க, கேக்கறதுன்னா இப்பவே கேளுங்க, தீவாளி முடிஞ்சு கேக்காதீங்க.