மழைக்கால மூன்று மாதமும் பழைய அம்பாசடரை ஓட்டாமல் எப்படிப் பத்திரமாக வைப்பது?

கடலூரில் வீடு, ஐப்பசி முதல் மார்கழி வரை வண்டியை எடுக்கமாட்டேன் என்கிறீர்கள். நம் ஊரில் குளிர் பெரிய விஷயமில்லை. உப்புக்காற்றுதான் தகரத்தைத் தின்னும். வண்டியை, குறிப்பாக அடிப்பக்கத்தையும் மட்கார்டு உள்பக்கத்தையும், நல்ல தண்ணீரில் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடவே கூடாது. தேவனாம்பட்டினத்தில் இருந்தபோது நான் பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிக் கட்டிவிட்டேன். தை மாதம் பிரித்தால் கதவின் அடிவிளிம்பில் பெயின்ட் கொப்புளித்திருந்தது. விரலால் அழுத்தினேன், துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது. இன்னும் மனசு ஆறவில்லை. காற்றுப்போகும் பருத்தித் துணி உறைதான் நல்லது, அதுவும் கூரைக்கு அடியில்.

அப்புறம் பெட்ரோல். இப்போது வருவதில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். டேங்கை நிரப்பிவிட்டால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடமிருக்காது. பேட்டரியில் மைனஸ் வயரைக் கழற்றிவிடுங்கள். ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை போதும். இடையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதும் வேண்டாம், சைலன்சருக்குள் தண்ணீர்தான் சேரும்.

தெருவில் வெள்ளம் ஏறுமென்றால் முன்பே மேட்டுக்கு மாற்றிவிடுங்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரை கடந்தது நம் பக்கம்தான்.