ஓக் ஆலியின் தூண்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது லூயிசியானாவில் ஓக் ஆலி என்ற பழைய கரும்புத்தோட்ட மாளிகையைப் பார்த்தோம். மெய்மறந்து நின்றேன். ஆனால் வழிகாட்டிப் பெண் வீட்டைவிட அடிமைகளைப் பற்றித்தான் அதிகம் பேசினார். கட்டடம் பார்க்க வந்தவனுக்கு அதெல்லாம் எதற்கு?

கே.

அன்புள்ள கே.,

மெய்மறக்க வைக்கிற வீடுதான், சந்தேகமில்லை. மிசிசிப்பி ஆற்றுப் பக்கமிருந்து வாசல்வரை இரண்டு வரிசையாக 28 ஓக் மரங்கள், வீட்டைச் சுற்றி டோரிக் என்ற பழைய கிரேக்க பாணியில் 28 தூண்கள். மரங்கள் வீட்டைவிட மூத்தவை. ழாக் தெலெஸ்ஃபோர் ரோமான் என்ற கரும்பு முதலாளி 1837இல் தொடங்கி 1839இல் வீட்டைக் கட்டி முடித்தார்.

அந்தத் தூண்களைத் தட்டிப் பார்த்தீர்களா? பார்வைக்குக் கல், உள்ளே செங்கல். ஆற்று வண்டல் பூமியில் கல்லுக்கு எங்கே போவது? ஆப்பு வடிவச் செங்கல்லை வட்டமாக அடுக்கி மேலே பூசியிருக்கிறார்கள். சுவர் கனம் 16 அங்குலம். மண்ணை வெட்டி, மிதித்து, அச்சில் அறுத்து, சூளையில் சுட்டதெல்லாம் தோட்டத்து அடிமைகள்தான். நீங்கள் ரசித்த கட்டடக்கலையே அவர்கள் கைவேலை. அப்புறம் அவர்களை விட்டுவிட்டு அந்தப் பெண் எதைச் சொல்வார்? முகப்பு கிரேக்கக் கோவில் சாயல் என்று சொல்லலாம். ஆழமான தாழ்வாரம் வெயிலைத் தடுக்கிறது, எதிரெதிர்க் கதவுகள் காற்றை உள்ளே இழுக்கின்றன என்று சொல்லலாம். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

வீட்டுக்குப் பின்னால் சின்னச் சின்னக் குடில்கள் பார்த்திருப்பீர்கள். அவை இப்போது திரும்பக் கட்டியவை. பழைய மரக் குடில்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அந்தத் தோட்டத்தில் எனக்குப் பிடித்த ஆள் ரோமான் இல்லை, அந்துவான். தோட்டவேலை பார்த்த அடிமை. பெக்கான் என்பது வால்நட் இனத்துக் கொட்டை. அதை முளைக்கப் போட்டால் தாய்மரம் மாதிரியே காய்க்கும் என்று சொல்ல முடியாது. நம் ஊர் மாங்கொட்டை கதைதான். 1846 குளிர்காலத்தில் அந்துவான் நல்ல மரத்துக் குச்சியை வேறு மரங்களில் ஒட்டுக்கட்டிப் பிழைக்க வைத்தார். ஓடு மெலிந்த, கையால் நொறுக்கிவிடக்கூடிய கொட்டை. 1876இல் ஃபிலடெல்ஃபியா நூற்றாண்டுக் கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்தது, 'சென்டென்னியல்', அதாவது நூற்றாண்டு, என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. ரோமான் 1848இல் இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலில் அந்துவானும் ஓர் உருப்படி: பெக்கான் ஒட்டுக்கட்டத் தெரிந்த தோட்டக்காரர், மதிப்பு 1000 டாலர். குடும்பப் பெயர் எழுதவில்லை.

அடுத்த முறை போனால் அதே கரையில் பக்கத்திலிருக்கும் விட்னி தோட்டத்தையும் பாருங்கள். அடிமைகளின் வாழ்க்கையைச் சொல்வதற்கென்றே 2014இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அங்கே மாளிகையைப் பற்றிய பேச்சு இன்னும் குறைவு. உங்களுக்குக் கோபம் வரலாம், இருந்தாலும் போய்வாருங்கள்.