ரமணரால் வந்த மச்சான் சண்டை

கேள்வி: எங்கள் சாமி அறையில் ரமண மகரிஷியின் படம் இருக்கிறது. கீழே "இருக்கிறவராக இருக்கிறேன்" என்று எழுதியிருக்கும். அது பைபிள் வரி என்று தெரிந்ததிலிருந்து தாய்மாமா, "தாடியைப் பார்த்தாலே தெரியலையா, அவர் யூதர்தான்" என்று ஒட்டுக்கடை ஒட்டுக்கடையாகச் சொல்லித் திரிகிறார். அப்பா ஐம்பது வெள்ளி பந்தயம் கட்டிவிட்டு, மாமாவோடு பேச்சையே நிறுத்திவிட்டார். எது உண்மை?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, பந்தயத்தில் ஜெயித்தது அப்பாதான். ரமணர் 1879 டிசம்பர் 30-இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன். அப்பா சுந்தரம் ஐயர், அம்மா அழகம்மாள். மதுரையில் படித்துக்கொண்டிருந்த பையன், 1896-இல் அண்ணனுக்குக் காலேஜ் சம்பளம் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டையும் ஒரு சீட்டையும் வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டார். அந்தச் சீட்டிலேயே, "சம்பளம் இன்னும் கட்டவில்லை" என்றும் எழுதியிருந்தார். வீட்டை விட்டே போகிற பிள்ளைக்கு இருந்த பொறுப்பைப் பாருங்கள்! எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் வந்ததே அந்தச் சீட்டால்தான்.

ஆனால் மாமாவைக் கேலி செய்ய வேண்டாம். அந்த வரி யூதர்களின் வேதத்தில் உள்ளதுதான். யாத்திராகமத்தில், கடவுள் தம் பெயராக மோசேயிடம் சொல்வது. கடவுளைப் பற்றி இவ்வளவு பொருத்தமாக வேறு எங்கும் சொல்லவில்லை என்று ரமணரே பாராட்டியிருக்கிறார். "நான் யார்?" என்று விசாரிக்கச் சொன்னவருக்கு அது பிடிக்காமல் போகுமா? அப்புறம், அவரிடம் வந்து அங்கேயே தங்கிவிட்ட எஸ்.எஸ். கோஹன் ஈராக்கைச் சேர்ந்த யூதர்.

யூதக் குடும்பத்தில் பிறந்த குரு ஒருவரும் நமக்கு உண்டு. புதுச்சேரி அன்னை! 1878-இல் பாரிஸில் பிறந்த மிர்ரா அல்ஃபாஸா. அவருடைய அப்பா துருக்கிக்காரர், அம்மா எகிப்துக்காரர். 1914-இல் முதன்முதலாகப் புதுச்சேரி வந்து அரவிந்தரைப் பார்த்தார். 1920-இல் திரும்பி வந்தவர் 1973-இல் கண்மூடும்வரை அங்கேயே இருந்தார். மாமா இதை எங்கேயோ அரைகுறையாகக் கேட்டு, ரமணர்மேல் ஏற்றிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ஐம்பது வெள்ளியை அப்பா வாங்கிக்கொள்ளட்டும். வாங்கிய கையோடு, மாமாவைப் பசியாற அழைத்துப் போகச் சொல்லுங்கள். அன்னையின் கதையை அங்கே அப்பாவே எடுத்துச் சொல்லட்டும். "நான் சொன்னதில் பாதி சரிதானே மச்சான்" என்று மாமா கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடச் சொல்லுங்கள்.